டிஜிட்டல் கைது: மூன்றரை மணி நேரம் என் வீட்டிலேயே நான் கைதி

கணக்குவாத்தியார் (கும்பகோணம்)
செவ்வாய், காலை 6:10

இதை எழுதலாமா வேண்டாமா என்று நான்கு நாள் யோசித்தேன். வயது 71. முப்பத்து நான்கு வருடம் பிள்ளைகளுக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தவன். தினம் இரண்டு பேப்பர் வரி விடாமல் படிக்கிறவன். "டிஜிட்டல் கைது", அதாவது போலி போலீஸ் வீடியோ காலில் மிரட்டிப் பணம் பறிக்கும் செய்தி வரும்போதெல்லாம், "படிச்சவங்களே இப்படி ஏமாறுறாங்களே" என்று வீட்டில் உரக்கச் சொல்லிச் சிரித்தவனும் நான்தான்.

போன வெள்ளி காலை ஒன்பதே கால். வீட்டுக்காரி தங்கை மகள் வளைகாப்புக்கு மயிலாடுதுறை போயிருந்தாள். போனில் பதிவுசெய்த குரல்: "டிராயிலிருந்து (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) பேசுகிறோம், உங்கள் எண் இரண்டு மணி நேரத்தில் துண்டிக்கப்படும், விவரத்துக்கு 9ஐ அழுத்தவும்." அழுத்தினேன். அங்கேயே வைத்திருக்க வேண்டும், சரி. என் ஆதாரைக் காட்டி மும்பையில் யாரோ சிம் வாங்கியிருப்பதாகவும், அதே ஆதாரில் ஒரு வங்கிக் கணக்கு இருப்பதாகவும், அதில் கறுப்புப் பணம் புரண்டிருப்பதாகவும் சொன்னார்கள். வாட்ஸ்அப் வீடியோவில் காக்கிச் சட்டை போட்ட ஆள் வந்தான். பின்னால் கொடி, அசோகச் சின்னம் எல்லாம் இருந்தது. ஆதார் எண்ணின் கடைசி நான்கு இலக்கத்தை அவனே சொன்னான்.

இந்தி எனக்கு வராது. உடனே ஒரு பெண் குரல்: "ஐயா பயப்படாதீங்க, நானும் தமிழ்ப் பொண்ணுதான், உங்களுக்கு மொழிபெயர்க்கத்தான் போட்டிருக்காங்க." உண்மையைச் சொல்கிறேன், காக்கிச் சட்டையைவிட அந்தக் குரலைத்தான் நம்பினேன்.

கேமராவை அணைக்கக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது, பேசினால் அவர்களும் வழக்கில் சேர்வார்கள் என்றார்கள். பூஜை அறைச் சொம்பில் போனைச் சாய்த்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்திருந்தேன். மாத்திரை போடக்கூட அனுமதி கேட்டேன். பால்காரர் கதவைத் தட்டினார், போகவில்லை.

பதினொன்றரைக்கு, "உங்கள் எஃப்டி பணம் சுத்தமான பணமா என்று ஆர்பிஐ சரிபார்க்கும், 48 மணி நேரத்தில் திரும்பி வரும்" என்றார்கள். பதினான்கு லட்சம். வங்கியில் கேட்டால் பேரன் படிப்புக்கு என்று சொல்லச் சொன்னார்கள். சட்டைப் பையில் போன் ஓடிக்கொண்டே இருக்க, நடந்தே போனேன்.

கவுன்டரில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதிருக்கும். "எந்த காலேஜ் சார் பேரன்?" என்று கேட்டாள். என் பேரன் நாலாம் வகுப்பு. திருதிருவென்று விழித்தேன். பணம் அனுப்பும் ஆர்டிஜிஎஸ் படிவத்தைத் திருப்பி, பின்பக்கம் பென்சிலில் எழுதி என் பக்கம் தள்ளினாள்: "போனில் யார்? போலீஸா?" தலையை ஆட்டினேன். "சர்வர் டவுன் சார், உட்காருங்க" என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுந்து வந்து, என் பையிலிருந்து போனை எடுத்து அணைத்துவிட்டாள்.

அந்த நிமிஷம் எனக்கு அவள் மேல் வந்தது நன்றி இல்லை, கோபம். இவளால் என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களே என்று. கை நடுக்கம் அடங்க ஒரு டம்ளர் தண்ணீரும் அரை மணி நேரமும் ஆனது.

பணம் போகவில்லை. என் கேள்வி வேறு. சென்னையில் இருக்கும் பையனிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் போனை வாங்கிக்கொண்டு பட்டன் போன் கொடுத்துவிடுவான். எப்படிச் சொல்வது?

---

மடத்துத்தெரு
செவ்வாய், காலை 7:02

சார், படிக்கும்போதே எனக்கு வியர்த்துவிட்டது. பணம் போகாவிட்டாலும் சைபர் குற்ற உதவி எண் 1930க்குச் சொல்லுங்கள். அந்தப் பெண்ணின் மேலாளருக்கு ஒரு கடிதமும் எழுதுங்கள். பாராட்டுக் கடிதத்தை யாரும் எழுதுவதே இல்லை.

---

பெங்களூரு_பையன்
செவ்வாய், காலை 8:40

மன்னிக்கவும் சார், கொஞ்சம் காட்டமாகத்தான் சொல்கிறேன். 2024 அக்டோபரில் பிரதமரே மன் கீ பாத்தில் இதைப் பற்றிப் பேசினார். போன் அடிக்கும் முன்னால் எச்சரிக்கைக் குரல் ஓடியது. பேப்பர், டிவி, வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் வருகிறது. இதற்கு மேல் என்ன செய்ய முடியும்? எங்கள் அப்பாவிடம் நூறு தடவை சொல்லியாயிற்று, தெரியாத நம்பரை எடுக்காதே என்று. கேட்பதே இல்லை. ஸ்மார்ட்போன் எதற்கு இவர்களுக்கு?

---

தஞ்சை_டீச்சரம்மா
செவ்வாய், காலை 9:15

தம்பி, கேஸ் புக் பண்ண, கரண்ட் பில் கட்ட, கண் ஆஸ்பத்திரியில் டோக்கன் போட, பேத்தி முகத்தைப் பார்க்க. இதற்குத்தான். நீங்கள் வாரம் ஒரு தடவை கூப்பிடுகிறீர்கள், அதுவும் ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வேலை பார்த்துக்கொண்டே. திருடன் மூன்றரை மணி நேரம் "ஐயா, ஐயா" என்று பேசுகிறான்.

தெரியாத நம்பரை எடுக்காதே என்பது சொல்ல எளிது. ஆம்புலன்ஸ்காரர், கொரியர்காரர், பிளம்பர் எல்லோரும் தெரியாத நம்பர்தான்.

வாத்தியார் சார், லூதியானாவில் வர்த்மான் குழுமத் தலைவர் எஸ்.பி. ஓஸ்வால், 82 வயது, 2024இல் இதே வலையில் 7 கோடி கொடுத்தார். தலைமை நீதிபதி போல ஒருத்தனை உட்கார வைத்து வீடியோவில் கோர்ட்டே நடத்திக் காட்டியிருக்கிறார்கள். ஆயிரம் வக்கீல் வைத்துக்கொள்ள வசதியுள்ள மனிதர். நீங்கள் ஏன் கூச்சப்பட வேண்டும்?

---

கவுன்டர்_நம்பர்_3
செவ்வாய், காலை 11:30

வங்கியில் 31 வருடம் இருந்து ஓய்வு பெற்றவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பணம் போய்விட்டால் முதல் வேலை 1930. மகனுக்குச் சொல்வது, அழுவது, ஸ்டேஷனுக்கு ஓடுவது எல்லாம் அப்புறம். ஏன் என்றால், போன பணம் ஒரே கணக்கில் தங்காது. கமிஷனுக்குக் கணக்கை வாடகை விட்ட ஆட்கள் இருக்கிறார்கள், பாதிப் பேர் கல்லூரிப் பிள்ளைகள். அங்கே விழுந்த பத்து லட்சம் பத்து நிமிஷத்தில் பத்துக் கணக்காகப் பிரியும். அங்கிருந்து ஏடிஎம், கிரிப்டோ என்று வெளியே போய்விடும். 1930இல் சொன்னால் அந்தச் சங்கிலியில் எந்த வங்கியில் பணம் நிற்கிறதோ அங்கே பிடித்து வைக்கச் செய்தி போகும். நின்ற பணத்தைத்தான் பிடிக்கலாம். பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் புகாரைப் பதியலாம். போன் செய்யும்போது எந்தக் கணக்கிலிருந்து, எத்தனை மணிக்கு, எவ்வளவு, பரிவர்த்தனை எண் என்ன என்ற நான்கும் கையில் இருக்கட்டும். அதே கையோடு வங்கிக்கும் சொல்லி, கணக்கை முடக்கச் சொல்லுங்கள்.

"வங்கிதானே பொறுப்பு" என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். 2017 ஜூலை 6 தேதியிட்ட ஆர்பிஐ சுற்றறிக்கைப்படி, உங்கள் தவறும் வங்கியின் தவறும் இல்லாமல் மூன்றாம் ஆள் திருடியிருந்து, தகவல் வந்த மூன்று வேலை நாளுக்குள் நீங்கள் சொல்லிவிட்டால் உங்களுக்கு நஷ்டம் இல்லை. ஓடிபியை நீங்களே சொல்லியிருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரை போனது உங்கள் தலையில். சொன்ன பிறகு போனால் வங்கி தலையில். வாத்தியார் போல நீங்களே படிவம் நிரப்பி அனுப்பினால் வாதாடுவது இன்னும் கஷ்டம்.

எஃப்டி விஷயம். கணவன் மனைவி கணக்கில் "இருவரில் ஒருவர்" என்று போடுவதுதான் வழக்கம், வசதியும்கூட. பெரிய தொகைக்கு மட்டும் "இருவரும் சேர்ந்து" என்று வைத்திருந்தால் ஒருவரைப் பயமுறுத்தி வாங்க முடியாது. ஆனால் ஒருவர் படுக்கையில் விழுந்தால் மற்றவர் திண்டாடுவார், அதனால் எல்லாவற்றையும் அப்படி மாற்றாதீர்கள். நெட் பேங்கிங்கில் எஃப்டியை முறிக்கும் வசதியை நிறுத்தி வைக்க முடியுமா என்று உங்கள் கிளையில் கேளுங்கள். ஜிபேயோடு இணைத்த கணக்கில் மாதச் செலவுக்கு மேல் வைக்காதீர்கள். பென்ஷன் வரும் கணக்கையே யுபிஐக்கு இணைத்து வைத்திருப்பதுதான் நம் ஆட்கள் செய்யும் பெரிய தப்பு.

கவுன்டரில் இருந்த நாட்களில் நான் இரண்டு பேரை இப்படிக் கேள்வி கேட்டு நிறுத்தியிருக்கிறேன். ஒருவர், "என் பணத்தை எடுக்க நீ யார்யா கேட்பதற்கு?" என்று சத்தம் போட்டார். அந்தப் பெண் நன்றாகச் செய்தாள்.

---

கோர்ட்_வாசல்
செவ்வாய், மதியம் 2:05

சட்டம் பற்றி மட்டும் சுருக்கமாக. 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள பிஎன்எஸ்எஸ் என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் வீடியோ காலில் கைது என்று ஒன்றே கிடையாது. கைது என்றால் ஆள் நேரில் வர வேண்டும், காரணம் சொல்ல வேண்டும், கைதுக் குறிப்பு எழுத வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் கொடுக்க வேண்டும். கவனியுங்கள், உறவினருக்குச் சொல்வது போலீஸின் கடமை. அதைச் சொல்லாதே என்று ஒருத்தன் சொன்னாலே அவன் போலீஸ் இல்லை என்று முடிவு கட்டலாம். விசாரணைக்கு வரச் சொல்லும் நோட்டீஸைக்கூட வாட்ஸ்அப்பில் அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களை அஸ்தமனத்துக்குப் பிறகு, விதிவிலக்கான நிலை தவிர, கைது செய்ய முடியாது.

பயம் வந்தால் "எந்த ஸ்டேஷன் சார், நானே வக்கீலோடு வருகிறேன்" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுங்கள். நிஜ போலீஸ் என்றால் வரச் சொல்லும்.

---

அல்வாக்கடை (திருநெல்வேலி)
செவ்வாய், மாலை 5:48

எங்க மாமாவுக்கு நடந்தது வேற மாதிரி. தெரிஞ்சவர் நம்பர்லேர்ந்தே வாட்ஸ்அப்ல கல்யாணப் பத்திரிகை வந்திருக்கு. அமுக்கினா "இன்ஸ்டால் பண்ணவா"ன்னு கேட்டிருக்கு. பத்திரிகையை எதுக்குய்யா இன்ஸ்டால் பண்ணணும்? மாமா பண்ணிட்டார். பேரு கடைசில ஏபிகேன்னு இருந்தா அது பத்திரிகை இல்ல, ஒரு ஆப். எஸ்எம்எஸ் படிக்க அனுமதி கேக்கும், கொடுத்தா ஓடிபி எல்லாம் அவனுக்குப் போயிடும். அப்புறம் மாமா நம்பர்லேர்ந்து ஊருக்கே அதே பத்திரிகை போச்சு. ரெண்டு பேர் மொய் வேற அனுப்பிட்டாங்க.

தப்பா அமுக்கிட்டா உடனே ஏரோபிளேன் மோட் போடுங்க, வைஃபையையும் நிறுத்துங்க. சிம்மைக் கழட்டிடுங்க. வேற போன்லேர்ந்து வங்கிக்கும் 1930க்கும் சொல்லுங்க. போனைக் கடையில கொடுத்து முழுசா அழிச்சு மறுபடி போடச் சொல்லுங்க. போட்டோ போச்சேன்னு அழாதீங்க.

---

ஆர்.எஸ்.புரம்_தாத்தா
செவ்வாய், இரவு 8:20

நான் போனைவிட கம்ப்யூட்டரில் அதிகம் உட்காருகிறவன். பஞ்சாங்கம் தேடப் போனேன். திரை முழுக்கச் சிவப்பாகி, ஊளையிடுகிற மாதிரி சத்தம். "உங்கள் கணினியில் வைரஸ், மைக்ரோசாஃப்ட் எண்ணுக்கு அழைக்கவும்." மூடவே முடியவில்லை. அழைத்தேன். எனிடெஸ்க் போடச் சொன்னார்கள், நம் கம்ப்யூட்டரைத் தூரத்திலிருந்தே இன்னொருவர் இயக்க விடும் மென்பொருள். போட்ட மறுநிமிஷம் என் மவுஸ் தானாக நகர்ந்தது. பேய் வீட்டில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. சுவரில் இருந்த ஸ்விட்சையே அணைத்துவிட்டேன்.

பிறகு பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்: எஸ்கேப் பொத்தானைக் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போடலாம், மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மைக்ரோசாஃப்ட் தன் எச்சரிக்கையில் போன் நம்பர் போடுவதே கிடையாதாம். எனிடெஸ்க், டீம்வியூவர் எல்லாம் நல்ல மென்பொருள்தான். சாவியை யாரிடம் கொடுக்கிறோம் என்பதுதான் விஷயம்.

---

விரைவு_மீட்பு_77 (புதிய உறுப்பினர்)
செவ்வாய், இரவு 11:52

[இந்தப் பதிவு நீக்கப்பட்டது.]

நிர்வாகி
புதன், காலை 5:30

"இழந்த பணத்தை 24 மணி நேரத்தில் மீட்டுத் தருகிறோம்" என்று வாட்ஸ்அப் எண் போட்ட ஆளை நீக்கிவிட்டேன். இந்த இழையில் எழுதிய யாருக்காவது தனிச்செய்தி வந்திருந்தால் பதில் போட வேண்டாம். ஒருமுறை ஏமாந்தவரின் பட்டியல் அவர்களுக்குள் கைமாறும். மீட்டுத் தர முன்பணம் கேட்பவன் அதே கூட்டத்தின் இரண்டாவது கடை.

---

தஞ்சை_டீச்சரம்மா
புதன், காலை 7:25

ஆக, திருட்டைப் பற்றிப் பேசும் இடத்துக்கே திருடன் வந்துவிட்டான்!

நவம்பர் வருகிறது என்றாலே எங்கள் ஓய்வூதியர் சங்கத்தில் ஒரே புலம்பல். "பென்ஷன் ஆபீஸிலிருந்து பேசுகிறோம், உயிர்ச் சான்றிதழ் இல்லாததால் பென்ஷன் நிற்கப் போகிறது, வந்திருக்கும் எண்ணைச் சொல்லுங்கள்." பிபிஓ எண் (பென்ஷன் ஆணை எண்), ஓய்வு பெற்ற தேதி எல்லாம் அவனே சொல்கிறான். அதைக் கேட்டு நம்பிவிடுகிறோம். ஜீவன் பிரமாண் என்ற டிஜிட்டல் உயிர்ச் சான்றிதழுக்கு நம் முகமோ கைரேகையோதான் வேண்டும். போனில் யாரும் "புதுப்பித்து"த் தர முடியாது. நான் தபால்காரரை வீட்டுக்கே வரச்சொல்லி, விரல் வைத்து, எழுபது ரூபாய் கொடுத்து முடிக்கிறேன். ஒரு காபியும் கொடுப்பேன், அது கட்டணத்தில் சேராது.

இன்னொன்று. இப்போது குரலையே காப்பி அடிக்கிறார்களாம். "பாட்டி, ஆக்ஸிடென்ட் ஆகிடுச்சு, அப்பாவுக்குச் சொல்லாதே, பணம் அனுப்பு" என்று பேத்தி குரலிலேயே வரலாம். எங்கள் வீட்டில் ஒரு ஏற்பாடு. பணம் என்ற பேச்சு வந்தால், எங்கள் ஊர் வீட்டில் அந்தக் காலத்தில் இருந்த பசுமாட்டின் பெயரைச் சொல்ல வேண்டும். பேத்தி அந்த மாட்டைப் பார்த்ததே இல்லை, பெயர் மட்டும் மனப்பாடம்.

---

பெங்களூரு_பையன்
புதன், காலை 10:10

நேற்று எழுதியதைத் திரும்பப் படித்தேன். தொனி சரியில்லை, மன்னியுங்கள் சார். ஸ்பீக்கர் விஷயம் சுருக்கென்று தைத்தது அம்மா.

நேற்று இரவு அப்பாவை வீடியோவில் கூப்பிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து செய்வதைப் போல ஒன்றொன்றாகச் செய்ய வைத்தேன். வாட்ஸ்அப்பில் தெரியாதவர்களின் அழைப்பைச் சத்தமில்லாமல் ஆக்கும் வசதி இருக்கிறது, அதைப் போட்டோம். இரட்டைச் சரிபார்ப்பு எண் வைத்தோம். ஆதார் ஆப்பில் கைரேகையைப் பூட்டினோம், உயிர்ச் சான்றிதழ் சமயத்தில் திறந்துகொள்ளலாம். தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் அப்பா பெயரில் எத்தனை சிம் என்று பார்த்தோம். இரண்டுதான். அதைப் பார்த்ததும் அப்பா சொன்னார்: "இனிமே எவனாவது மும்பையில் சிம் இருக்குன்னா, நான் பார்த்துட்டேன்டான்னு சொல்லலாம்." நான் நூறு தடவை சொன்னதைவிட அந்த ஒரு தடவை பார்த்ததுதான் வேலை செய்தது.

யுபிஐயில் பணம் வாங்க பின் தேவையே இல்லை, கொடுக்கத்தான் தேவை என்பதை ஒரு ரூபாய் அனுப்பி, வாங்கிக் காட்டினேன். அவருக்கு அது புதுச் செய்தி. ஐந்து வருடமாக ஜிபே வைத்திருக்கிறார்.

---

சிவகங்கை_மண்
புதன், மாலை 4:33

அந்தத் தமிழ்ப் பெண் குரல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இந்த அழைப்புகளில் பல கம்போடியா, மியான்மர், லாவோஸ் பக்கம் வேலி போட்ட வளாகங்களிலிருந்து வருகின்றன. தாய்லாந்தில் கம்ப்யூட்டர் வேலை என்று ஏஜென்ட் அனுப்பி, அங்கே போனதும் பாஸ்போர்ட்டைப் பிடுங்கி, ஏமாற்றும் வேலையில் உட்கார வைக்கிறார்கள். 2022இல் மியான்மரின் மியாவாடியிலிருந்து தமிழ்நாட்டுப் பையன்கள் சிலர் மீண்டு வந்தது செய்தியானது. எங்கள் ஊர்ப் பக்கமும் அப்படிப் போனவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு இத்தனை பேரைச் சிக்க வைக்காவிட்டால் அடியாம். உங்களிடம் பேசியவள் எப்படிப்பட்டவளோ தெரியாது. அவளை மன்னிக்கச் சொல்லவில்லை சார், மனதில் பட்டதைச் சொன்னேன்.

---

கணக்குவாத்தியார் (கும்பகோணம்)
வியாழன், காலை 6:25

எல்லோருக்கும் நன்றி. 1930க்குச் சொல்லி, தளத்திலும் பதிந்துவிட்டேன். அந்த எண்ணை சக்ஷுவிலும் (சஞ்சார் சாத்தி தளத்தில் மோசடி அழைப்பைத் தெரிவிக்கும் பகுதி) புகார் செய்தேன். மனைவிக்குச் சொன்னேன். "அதான் சொம்பு இடம் மாறியிருந்ததா?" என்றாள், அவ்வளவுதான். பெரிய எஃப்டியை இருவரும் சேர்ந்து என்று மாற்றக் கேட்டிருக்கிறோம். கவுன்டர் பெண்ணுக்குப் பூந்தி வாங்கிப் போனேன், விதிப்படி வாங்கக் கூடாது என்று மறுத்துவிட்டாள். மேலாளருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தேன். பூந்தியைப் பால்காரருக்குக் கொடுத்தேன், அன்றைக்குக் கதவைத் திறக்காததற்கு.

நேற்று இரவு பையனைக் கூப்பிட்டேன். திட்டுவான் என்று தயாராகத்தான் இருந்தேன். முழுக்கச் சொல்லி முடித்தும் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டதோ என்று "தம்பி, இருக்கியா?" என்றேன்.

"இருக்கேன்ப்பா" என்றான். அப்புறம் மெதுவாகச் சொன்னான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் டெலிகிராமில் ஏதோ பகுதி நேர வேலை. ஹோட்டல்களுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டால் நூற்றைம்பது ரூபாய். முதல் நாள் பணம் வந்திருக்கிறது. அப்புறம் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், கட்டியிருக்கிறான், எடுக்க வேண்டுமானால் இன்னும் கட்டு என்றிருக்கிறார்கள். மருமகளுக்கு இன்றுவரை தெரியாதாம். ஐடி கம்பெனியில் டீம் லீடராக இருப்பவன்.

"எவ்வளவுடா?" என்று கேட்டேன்.

எண்பத்தைந்தாயிரம் என்றான். இரண்டு வருஷத்துக்கு வட்டி என்ன ஆகும் என்று வாய்வரை வந்தது. அடக்கிக்கொண்டு, "சாப்பிட்டியா?" என்றேன்.